தோட்டம் நன்றாக இல்லை, மகனே

சகாயம்,

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வீட்டுக்குள் நுழைந்த நேரம் நீ கூப்பிட்டாய். ஏதோ ஒரு துறைமுகத்தில் கப்பல் நிற்கிறது, கரைக்கு இறங்க விடவில்லை என்றாய். என் முட்டிவலியைக் கேட்டாய், மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேனா என்று கேட்டாய், கடைசியில் எப்போதும் போலத் தோட்டத்தைக் கேட்டாய். "நல்லா கீதுடா" என்றேன். "மழை அடிச்சுதாமே, தண்ணி நிக்கலையே?" என்றாய். "அதெல்லாம் வடிஞ்சிடுச்சு" என்றேன். அதற்குள் யாரோ உன்னைக் கூப்பிட, வைத்துவிட்டாய். நான் கோயிலுக்குக் கட்டிய புடவையோடு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மதியச் சோற்றுக்கு அரிசி களையக்கூடத் தோன்றவில்லை.

உன் குரலைக் கேட்டால் எனக்கு உண்மை வாயில் வருவதில்லை. அதனால் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்பிவிடுவேன். பதறாதே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். பக்கத்து வீட்டுக் காதர் பாய் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். கஞ்சி குடிக்கிறார், சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். அவருக்கு என்ன ஆயிற்று என்று நீ கேட்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அவருக்கு அப்படி ஆனதற்குக் காரணம் நான்.

அந்தப் பின்பக்கத்து இடம் தோட்டமானதே உன்னால்தான். உன் அப்பா இருந்தவரை அது குப்பைமேடு. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிவிட்டு வரும்போது எதையாவது தூக்கிக்கொண்டு வருவார், "என்னிக்காவது ஒதவும்" என்பார். தேய்ந்த டயர், அறுந்த கம்பிவடம், காலில்லாத நாற்காலி எல்லாம் அங்கேதான் கிடந்தன. அவர் போன பிறகு, உன் முதல் கப்பல் முடிந்து வந்த நீ, ஒரு வாரம் சும்மா படுத்திருந்தாய். பிறகு ஒருநாள் காலையில் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினாய். "திருவொற்றியூர் மண்ணுல உப்பும் சாம்பலுந்தான் கீது, இதுல இன்னா மொளைக்கும்" என்று தெருவே சொன்னது. நானும் சொன்னேன். நீ மாதவரத்திலிருந்து குட்டியானை வண்டியில் சாணி எரு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு வந்தாய். தெருவில் எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் பழைய பைப்புகளைப் பொறுக்கி வந்து பந்தல் போட்டாய். வடக்கே அனல்மின் நிலையத்துப் பக்கமிருந்து காற்றடிக்கும் நாட்களில் இலையெல்லாம் சாம்பல் பூத்துப்போகும். நீ குழாயைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு செடியாகக் கழுவுவாய், பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைக்கு முகம் கழுவுவதுபோல. அந்தக் கொய்யாக்கன்றை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாயே, கண்டக்டர் "செடிக்கும் ஒரு டிக்கெட் வாங்கிக்கோ தம்பி" என்றாராமே, அது முதல் காய் விட்ட அன்று எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? நான் சொல்லவில்லை. "புளிப்பா கீது" என்றுதான் சொன்னேன். எனக்கு நல்ல வார்த்தை சீக்கிரம் வராது. நீ அப்படி இருக்காதே. கல்யாணம் கட்டிக்கொண்டால் அவள் கையால் சமைத்தது நன்றாக இருந்தால் அன்றைக்கே சொல்லிவிடு.

இந்தத் தடவை நீ கிளம்பும் முன்னால் நமக்குள் நடந்த சண்டை உனக்கு மறந்திருக்காது. சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் உன் மாமாவிடம் போய், என் பிள்ளையைச் சேர்த்துக்கொள் என்று நான் கேட்டிருந்தேன். அவரும் சரி என்றார். உனக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"என்னை ஒரு வார்த்த கேட்டியாம்மா?" என்றாய்.

"இன்னாத்துக்குக் கேக்கணும்? கடல்ல போய்க் கெடக்கறதுக்கா உன்னைப் பெத்தேன்?"

"எனக்கு இன்ஜின்தாம்மா தெரியும். கல்லாவுல குந்திகினு கணக்குப் பாக்கத் தெரியாது."

"தெரிஞ்சிக்க. மத்தவன்லாம் பொறக்கும்போதே தெரிஞ்சிகினா வந்தான்?"

நீ பாதிச் சோற்றில் கை கழுவினாய். அடுத்த வாரமே கப்பலில் ஏறுவதற்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நின்றாய். புறப்படும் நாள் காலையில் என்னைக் கையைப் பிடித்துத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒவ்வொன்றாகச் சொன்னாய். எலுமிச்சைக்குத் தண்ணீர் அதிகம் விடாதே, அவரைக்குக் கயிறு கட்டு, ஐப்பசி பிறக்கும் முன்னால் ஆள் வைத்துப் புல்லை வெட்டிவிடு. முக்கியமாகச் சொன்னது ஒன்று. "பின்னால போற கால்வாய மட்டும் அடைக்காம பாத்துக்கம்மா. காதர் பாய் வூட்டுத் தண்ணியும் அதுலதான் போவுது." நான் "உம்" என்றேன். வாசல்வரைக்கும்கூட வரவில்லை. ஆட்டோ கிளம்பும் சத்தத்தை அடுப்படியில் நின்று கேட்டேன்.

அதற்குப் பிறகு நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. உன்மேல் இருந்த கோபத்தை நான் செடிகள்மேல் காட்டினேன். அது ஆவணி வெயில். தண்ணீர் விடவில்லை. மோட்டார் இருந்தது, குழாய் இருந்தது, முட்டிவலியும் அப்போது அவ்வளவாக இல்லை. காலையில் காபி போட்டுக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். கத்தரிச்செடிகள் தலையைத் தொங்கப்போட்டு நிற்கும். 'போனவன் வந்து பார்க்கட்டும்' என்று நினைப்பேன். அந்த வாடலைப் பார்க்க எனக்கு ஒரு திருப்தி வந்தது, சகாயம். பெற்றவளுக்கு இப்படியும் ஒரு மனசு வருமா என்று நீ கேட்கலாம். வந்தது. பிறகு முதல் மழை பெய்தது. நீ வைத்ததெல்லாம் காய்ந்துபோன இடத்தில் நீ வைக்காததெல்லாம் கிளம்பியது. கோரை, நாயுருவி, ஊமத்தை, பெயர் தெரியாத கொடிகள். ஒருநாள் பின்கதவைத் திறந்து இரண்டடி இறங்கினேன். புடவை முழுக்க நாயுருவி ஒட்டிக்கொண்டது, கையளவு நத்தைகள் சுவரில் ஊர்ந்தன. உள்ளே வந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். அதுவரை கோபத்தில் போகாதவள், அதன் பிறகு வெட்கத்தில் போகவில்லை. ஒவ்வொரு மழைக்கும் அது இன்னும் உயர்ந்தது. உயர உயர, இதை இனி எங்கே தொடங்குவது என்கிற மலைப்பும் கூடிக்கொண்டே போனது.

அந்தச் சமயத்தில்தான் நீ போட்டோ கேட்டாய். நான் போனில் தேடி, போன வருஷம் நீயே என் போனில் எடுத்து வைத்த படங்களை உனக்கு அனுப்பினேன். பந்தலில் புடலங்காய் தொங்குவது, பப்பாளி மரத்தடியில் வெண்டைக்காய் கூடை. நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று பயந்தேன். ஒருவேளை நீ கண்டுபிடிக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேனோ என்னவோ. நீ கண்டுபிடிக்கவில்லை. அம்மா அனுப்பினால் அது இன்றைய படம்தான் என்று நம்பிவிட்டாய். அதையெல்லாம் கப்பலில் பிரிண்ட் எடுத்துப் படுக்கைக்கு மேலே ஒட்டி வைத்திருப்பதாகச் சொன்னாய். கண்ணுக்கெட்டிய வரை தண்ணீரும் இரும்பும்தான், பச்சையாக எதையாவது பார்க்கவேண்டும் போல இருந்தால் அதைப் பார்ப்பேன் என்றாய். பிலிப்பைன்ஸ்காரச் சமையல்காரர் புடலங்காயைப் பார்த்துப் பாம்பு என்று நினைத்துவிட்டார் என்று சொல்லிச் சிரித்தாய். நானும் சிரித்தேன். சின்ன வயதில் நீ டியூஷனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் காசிமேட்டில் படகு பார்த்துவிட்டு வந்தாயே, சட்டையெல்லாம் மீன் நாற்றத்தோடு நின்றுகொண்டு "டியூஷன்தான் போனேன்" என்றாயே, அன்றைக்கு உன்னை நான் அடித்தது படகு பார்த்ததற்காக இல்லை, பொய் சொன்னதற்காக. அதை நீ இப்போது எனக்கு ஞாபகப்படுத்தினால் நான் வாயைத் திறக்க முடியாது.

காதர் பாய் என்னைச் சும்மா விட்டுவிடவில்லை. சுவருக்கு மேலே தலையை நீட்டி இரண்டு மூன்று முறை சொன்னார். "அக்கா, காடா வளந்துகினு கீது. பூச்சி பொட்டு வரும். லாரி ஷெட்டுல எங்கூட வேலை செய்யற பசங்க ரெண்டு பேரை இட்டாந்து ஒரே நாள்ல வெட்டிப் போட்டுடறேன், நீங்க கதவை மட்டும் தொறந்து வுடுங்க." தம்பி கப்பலில் இருக்கிறான், நாம்தானே பார்க்கவேண்டும் என்கிற உரிமையில் சொன்னார். உன் கத்தரிக்காயும் முருங்கையும் எத்தனை நாள் அவர்கள் குழம்பில் கொதித்திருக்கும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என் வூட்டு விஷயம் பாய், நான் பாத்துக்கறேன்" என்றேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. அதற்குப் பிறகு சொல்லவில்லை. அவர் மனைவி மும்தாஜ் மட்டும் தண்ணீர் பிடிக்கும்போது என்னிடம், "இன்னாக்கா, தம்பி மேல கோவமா?" என்று கேட்டாள். அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு அந்தப் பெரிய மழை வந்தது. விடியற்காலையில் பிடித்தது மதியம்வரை விடவே இல்லை. தெருவில் முழங்கால் தண்ணீர். பின்பக்கம் ஜன்னலைத் திறந்தால் தரையே தெரியவில்லை, கொடிகளுக்கு அடியில் தண்ணீர் பளபளவென்று நின்றது. கால்வாய் எங்கே இருக்கிறது என்றே எனக்கு மறந்துபோயிருந்தது. சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது காதர் பாய் குரல் கேட்டது.

"அக்கா! பின்கதவைத் தொறங்க! கால்வா அடச்சிகினு கீது. எங்க சமையக்கட்டுல தண்ணி பூந்துடுச்சு!"

நம் பின்கதவிலிருந்து கால்வாய்வரை நீ போட்ட சிமெண்ட் பாதை இருக்கிறதல்லவா? நான் கதவைத் திறந்திருந்தால் அவர் நம் வாசல் வழியாக வந்து, அந்தப் பாதைமேல் நடந்து, ஒரு கம்பை வைத்துக் குத்தி விட்டுவிட்டுப் போயிருப்பார். ஆனால் கதவைத் திறந்தால் அவர் வீட்டுக்குள் வந்து, நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்று பக்கத்தில் நின்று பார்ப்பார். எனக்கு அது பிடிக்கவில்லை. அவ்வளவுதான் காரணம், மகனே. வேறு எதுவும் இல்லை. உள்ளேயிருந்தபடியே, "மழை வுடட்டும் பாய், அப்புறம் பாத்துக்கலாம்" என்று கத்தினேன்.

"மழை வுடறதுக்குள்ள அரிசி மூட்டை முழுகிடும்கா!" என்றார். பிறகு சுவர்மேல் அவர் ஏறுவது ஜன்னலில் தெரிந்தது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு, வாழைத்தூர் பக்கம் குதித்தார். அங்கேதான் புதர் மிகவும் அடர்ந்திருந்தது. கொடிகளைப் பிய்த்துப் பிய்த்து எறிந்துகொண்டே போய்க் குனிந்து, கையை விட்டு எதையோ இழுத்தார். 'கடகட'வென்று தண்ணீர் உள்வாங்கும் சத்தம் எனக்கு உள்ளே கேட்டது. அப்பாடா என்று இருந்தது. அவர் நிமிர்ந்து சுவர் பக்கம் திரும்பி நடந்தார். அப்போதுதான் அந்தச் சத்தம். அலறல்கூட இல்லை. "ஆ" என்று ஒன்று. பிறகு மெதுவாக, "அக்கா... இன்னாவோ கடிச்சிடுச்சு."

இப்போது கதவைத் திறக்க ஓடினேன். வாரக்கணக்கில் திறக்காத கதவு, மழையில் ஊறி உப்பிப்போய் அசையவில்லை. தோளால் இடித்தேன், காலால் உதைத்தேன். அது திறந்தபோது அவர் சிமெண்ட் பாதையில் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு சொட்டு ரத்தம், மழை அதையும் கழுவிக்கொண்டிருந்தது. வாழைத்தூருக்குள் அது நுழைவதை நான் பார்த்தேன். கனமாக, முதுகில் சங்கிலி கோத்ததுபோல வட்ட வட்டமாக. கண்ணாடி விரியன். நான் "மும்தாஜ்!" என்று கத்தியது தெருமுனை வரைக்கும் கேட்டதாம்.

தெருப்பிள்ளைகள் அவரைத் தூக்கிக்கொண்டு போய் மெயின் ரோட்டில் ஆட்டோவில் ஏற்றினார்கள். மும்தாஜும் நானும் அவரை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். வழியெல்லாம் தண்ணீர், வண்டி ஊர்ந்துதான் போனது. அவர், "ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று எங்களுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டு வந்தார். பெரிய ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது அவர் பல் இடுக்கிலிருந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. கால் தூண்போல வீங்கிவிட்டது. விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். உயிருக்கு இப்போதைக்கு ஒன்றும் சொல்லமுடியாது என்றார்கள். மறுநாள் சிறுநீர் இறங்கவில்லை, கிட்னிக்கு விஷம் ஏறிவிட்டது, டயாலிசிஸ் செய்யவேண்டும் என்றார்கள். மும்தாஜ் தலையில் போட்ட துணியைப் பல்லில் கடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். நான் டீ வாங்கிக்கொண்டு வந்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"நீ கதவைத் தொறந்திருந்தா அவரு செவுரு ஏறியிருக்க மாட்டாருக்கா" என்றாள். சத்தம் போடவில்லை. "நீ உள்ளதான் இருந்த. மழை வுடட்டும்னு சொன்னியே, எனக்கும் கேட்டுது."

"தப்புதான் மும்தாஜ்."

"தப்புன்னு சொல்லாத. நீ சொன்னா நான் பரவால்லன்னு சொல்லணும். எனக்கு சொல்ல வரல. வூட்டுக்குப் போ. நீ இங்க குந்திகினு இருந்தா நான் இன்னா பேசுவேன்னு எனக்கே தெரியாது."

நான் வந்துவிட்டேன். டீயைக் கையிலேயே பிடித்துக்கொண்டு கேட்வரைக்கும் நடந்திருக்கிறேன், காவலாளி "தம்ளரைக் குடுத்துட்டுப் போம்மா" என்றபோதுதான் தெரிந்தது.

மழை விட்டதும் பாம்பு பிடிக்கிறவர் வந்து அதை வாழைத்தூரிலிருந்து பிடித்துச் சாக்கில் போட்டுக்கொண்டு போனார். தெருவில் இருந்தவர்கள் ஆள் வைத்து வெட்டித்தருகிறோம் என்றார்கள். எனக்கு மனசு வரவில்லை. உன் ரப்பர் கம்பூட்ஸை எடுத்து, நுனியில் பேப்பர் திணித்துப் போட்டுக்கொண்டு, கம்பால் தரையைத் தட்டித் தட்டி நானே இறங்கினேன். பயமாக இருந்தது. ஒவ்வொரு இலை அசைவுக்கும் நின்று, கம்பால் தட்டிவிட்டுத்தான் அடுத்த அடி வைத்தேன். அரிவாளால் அறுப்பேன், பாண்டுச்சட்டியில் வாரிக்கொண்டு போய்த் தெருவோரம் கொட்டுவேன், முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்காருவேன், மறுபடி இறங்குவேன். இதைச் செய்தால் காதர் பாய்க்குச் சிறுநீர் இறங்கிவிடும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை. அப்படி வேண்ட எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் வீட்டுக்குள் என்னால் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

என்னென்ன போயிற்று என்று சொல்லிவிடுகிறேன். எலுமிச்சை வெயிலிலேயே செத்துவிட்டது. கத்தரி, வெண்டை, மிளகாய் இருந்த பாத்தி எதுவென்றே தெரியவில்லை. பப்பாளி காயோடு சாய்ந்து, அழுகிப்போய், அதைத் தூக்கும்போது கையோடு வந்தது. பந்தல் கொடிகளின் பாரம் தாங்காமல் ஒரு பக்கம் மடங்கிவிட்டது, பைப் நன்றாகத்தான் இருக்கிறது, கட்டுக்கம்பி துருப்பிடித்து அறுந்திருக்கிறது. உன் கொய்யா செத்துப்போய்விட்டது. வேர் தண்ணீரிலேயே நின்று அழுகிவிட்டது. மேலே ஒரு கொடி ஏறிப் பச்சையாகப் படர்ந்திருந்ததால், அதை இழுத்து எடுக்கும்வரை மரம் உயிரோடு இருக்கிறது என்றே நினைத்தேன். கிளையை வளைத்துப் பார்த்தேன், 'பட்'டென்று ஒடிந்தது. அங்கேயே சேற்றில் உட்கார்ந்து அழுதேன். உன் அப்பாவுக்குக்கூட நான் அப்படிச் சத்தம் போட்டு அழவில்லை. முருங்கை ஒடிந்திருக்கிறது, ஆனால் துளிர்த்துவிட்டது. அவரை ஒன்று எப்படியோ பிழைத்து, கம்பிவேலியில் ஏறிப் பூத்திருக்கிறது. நாம் யாரும் போடாத ஒரு பூசணி, கழிவுத் தண்ணீர் போகும் ஓரத்தில் காய்த்திருக்கிறது. இவ்வளவுதான் மிச்சம்.

ஒரு வாரத்துக்கும் மேல் ஆயிற்று, அவருக்குச் சிறுநீர் இறங்கத் தொடங்க. மெல்ல மெல்லத் தேறி வீட்டுக்கு வந்தார். நான் போய்க் கதவைத் தட்டினேன். மும்தாஜ்தான் திறந்தாள். ஒதுங்கி வழிவிட்டாள். காதர் பாய் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகிவிட்டார், கன்னத்தில் எலும்பு தெரிகிறது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"நாந்தான் செருப்பு போடாம குதிச்சேன், நீங்க இன்னா பண்ணுவீங்க, வுடுங்கக்கா" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "தம்பிகிட்ட சொல்லிடாதீங்க. இன்ஜின்கிட்ட வேலை செய்யற புள்ள. மனசு எங்கயாவது கெடந்தா கை மாட்டிக்கும். வந்ததும் பொறுமையா சொல்லிக்கலாம்."

சமையலறையிலிருந்து மும்தாஜ் வெளியே வந்தாள். கரண்டி கையில் இருந்தது. "ஏன் சொல்லக் கூடாது? அவங்களுக்குப் பொய்ய நீயே எடுத்துக் குடுக்கறியா? கேக்கறானே அந்தப் புள்ள, ஒவ்வொரு தபாவும் கேக்கறானே. இன்னும் எத்தினி தபா நல்லா கீதுன்னு சொல்லிகினு இருப்பாங்க?"

காதர் பாய், "ஏய், இன்னாடி" என்றார். அவள் திரும்பி உள்ளே போய்விட்டாள். என்னை மன்னித்தவர் எனக்கு ஒளிந்துகொள்ள இடம் கொடுத்தார். மன்னிக்காதவள்தான் எனக்கு நல்லது செய்தாள். அதற்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமை உன்னிடம் அதே பொய்யைச் சொன்னேன் என்றால் என்னைப் பற்றி நீயே முடிவு செய்துகொள்.

நீ இன்ஜின் பக்கத்தில் நிற்கும்போது இதைப் படிக்காதே. வேலை முடிந்து, கை கழுவி, படுக்கைக்கு வந்த பிறகு படி. இதை மேலே எழுதியிருக்கவேண்டும், இப்போதுதான் தோன்றுகிறது. படங்களுக்கு முன்னால் தனியாக ஒரு வரி அனுப்பிவிடுகிறேன். இன்னொன்றும் சொல்லவேண்டும். உன் மாமாவிடம் போய், இனி என் பிள்ளைக்காக நான் எதுவும் கேட்கமாட்டேன், அவன் வேலையை அவன் பார்த்துக்கொள்வான் என்று சொல்லிவிட்டு வந்தேன். நீ இந்தச் செய்தியைப் படித்துவிட்டு, நான்தானே விட்டுவிட்டு வந்தேன், என்னால்தானே என்று உன்மேல் போட்டுக்கொள்வாய். உன் சுபாவம் எனக்குத் தெரியும். அதைச் செய்யாதே. நீ எனக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் போனாய். ஒருவர்மேல் கோபம் வந்தால் அவரிடமே காட்டு, மகனே. கத்து, தட்டைத் தூக்கிப் போடு, பரவாயில்லை. அதைக் கொண்டுபோய் வேறெங்காவது வைத்தால், அது யார் காலைத் தேடிப்போகும் என்று நமக்குத் தெரியாது.

நேற்று முன்தினம் மறுபடி மழை பிடித்தது. மதியம் வானம் இருட்டிக்கொண்டு வந்ததும் நான் குடையும் கடப்பாரையுமாகப் பின்கதவைத் திறந்துகொண்டு கால்வாய் ஓரத்தில் போய் நின்றுவிட்டேன். இலை தழை வந்து சேரச் சேரக் குத்தி எடுத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் காலடிச் சத்தம் கேட்டது. மும்தாஜின் தலை தெரிந்தது, முக்காடு நனைந்து ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்தாள். வெட்டவெளியாகக் கிடக்கும் நம் மண்ணைப் பார்த்தாள். நாங்கள் இருவரும் நேருக்கு நேர் பேசி வெகு நாளாகியிருந்தது.

"போவுதா?" என்றாள்.

"போவுது" என்றேன்.

அவள் கீழே குனிந்து தன் பக்கத்தைப் பார்த்துவிட்டு, "எங்க பக்கமும் எறங்குது" என்றாள். மழை இருவர் தலையிலும் கொட்டிக்கொண்டிருந்தது. ரொம்ப நேரம் இருவரும் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவள், "உள்ள போக்கா. முட்டி புடிச்சிக்கும்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள். நான் மழை விடும்வரை அங்கேயே நின்றேன்.

நீ கூப்பிடும்போது முதலில் காதர் பாயிடம் பேசு. அப்புறம் என்னிடம் பேசு. கோபம் இருந்தால் கோபமாகவே பேசு. நான் போனை வைக்கமாட்டேன்.

அம்மா